இரண வைத்தியமும் தமிழும்

டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர், ரொபேட் துருயிற் எழுதிய ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் வெளியிட்டது 1867ஆம் ஆண்டிலாகும். காபோலிக் அமிலத்தைக் கொண்டு புண்ணைச் சீழ் கொள்ளாது காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் இலண்டன் ‘லான்செற்’ ஏட்டின் வாயிலாக உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். நவீன சத்திரசிகிச்சை தன் இளமையைக் கடவாதிருந்த அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு சிறு மாணவர் கூட்டம் அதனைத் தமிழிற் கற்றுக்கொண்டிருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்று இலங்கையின் எந்த மருத்துவபீடத்திலும் தமிழ் போதனா மொழியாக இல்லை. இடையில் நேர்ந்தது என்ன? தமிழிற் சொல் இல்லாமற் போயிற்று என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை உண்மைக்குப் பொருந்துவதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி பண்டிதர்களின் பொழுதுபோக்கன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் மக்கள் நடுவே ஆசிரியத் தொழில் புரிபவன் நான். இங்குள்ளோர் உடலில் ஒரு கட்டியை வெட்டியெடுக்க வேண்டுமாயினும் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குச் செல்லுதல் வேண்டும். திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டை இருக்கும். அதில் நடந்தது யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் என்று கருதி ஆசிரியரிடம் அதைக் கொண்டுவருவார்கள். ஒரு தாய் கேட்டார்: “சேர், இதில என்னெண்டு எழுதியிருக்கு? எண்ட கர்ப்பப்பைய எடுத்துப்போட்டாங்களோ, கட்டிய மட்டும் எடுத்தாங்களோ?” அட்டையில் இருந்த சொல் ‘மயோமெக்டமி’. கட்டியை மாத்திரம் நீக்கினர். கருப்பை இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அந்தப் பெண் மூன்று வாரங்களாகத் தன் கருப்பை போய்விட்டதென்றே நம்பியிருந்தார். கணவனிடமும் அவ்வாறே கூறியிருந்தார்.

கருப்பையை நீக்குதற்கு ‘ஹிஸ்டரெக்டமி’ என்பது பெயர். இரண்டு சொற்களும் ஒரே வாலுடையன. அந்த வால் கிரேக்க மொழிக்குரியது. ‘வெட்டி வெளியே எடுத்தல்’ என்பது அதன் பொருள். ‘ஹிஸ்டெரா’ என்றாற் கிரேக்கர்க்குக் கருப்பை. ‘மையோமா’ என்பது தசைக்கட்டி. ஆங்கிலம் என்று நாம் அஞ்சி ஒதுங்கும் சத்திரசிகிச்சைச் சொற்களிற் பெரும்பாலானவை இவ்வாறு கிரேக்கத் துண்டுகளை ஒட்டித் தைத்தவையே. ‘டமி’ எனின் வெட்டித் திறத்தல். ‘எக்டமி’ எனின் வெட்டி நீக்கல். ‘ஸ்டமி’ எனின் வாய் அமைத்தல். பெருங்குடலை வயிற்றின் மேல் வாய்விடச் செய்யும் சிகிச்சையைக் ‘கொலொஸ்டமி’ என்பர். ‘ஸ்டோமா’ என்பது கிரேக்கர்க்கு வாய். ‘பிளாஸ்டி’ என்பது குயவன் மண்ணை வனைவது போல உறுப்பை வனைதல். சிறுநீர்க்கல்லை உடைக்கும் முறைக்கு ‘லிதொட்ரிப்சி’ என்னும் கம்பீரமான பெயர் உண்டு; எங்கள் ஊரார் அதனைக் ‘கல்லுடைக்கிறது’ என்பர். கிரேக்கன் சொன்னதும் அதுவே. ஓர் எழுத்துக்கூட அதிகமாக அவன் சொல்லவில்லை. உள்ளுறுப்பைக் குழாய் செலுத்திப் பார்ப்பதைக் ‘கமரா விட்டுப் பார்க்கிறது’ என்று எவரும் கற்பிக்காமலே மக்கள் பெயரிட்டுக்கொண்டனர்.

‘சேர்ஜரி’ என்னும் சொல்லே கை, தொழில் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. கைத்தொழில் என்பதற்கு மேல் அதில் எந்த மறைபொருளும் இல்லை. மயக்கமருந்தின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. 1846 ஒக்டோபரில் பொஸ்ரன் நகர ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து வலியின்றி ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டது. புதிய நிலைக்குப் பெயர் இல்லை. மருத்துவரும் கவிஞருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் அடுத்த மாதம் ஒரு கடிதத்தில் ‘அனஸ்தீசியா’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தார். உணர்வின்மை என்பதே பொருள். கடிதம் எழுதிய ஒருவர் ஒரு நாளிற் செய்ததைத்தான் இன்று உலகம் முழுவதும் வேதவாக்காக உச்சரிக்கின்றது. தோலை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ பழத்தோட்டத்திலிருந்து வந்தது. மாங்கன்றுக்கு நாம் ஒட்டுக் கட்டுவதைப் போன்றதே அது. இருதயக் குழாயில் வைக்கும் ‘ஸ்டென்ற்’ என்பது பொருளுடைய சொல்லன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ள்ஸ் ஸ்டென்ற் என்னும் ஆங்கிலப் பல்வைத்தியரின் பெயர். இன்னும், ‘சீசர்’ செய்து பிள்ளை எடுத்ததாகக் கூறும் நம் தாய்மார் உரோமாபுரித் தலைவனின் பெயரைத்தான் சொல்கின்றனர். ஆனால் யூலியஸ் சீசர் அவ்வாறு பிறந்தவனாக இருத்தல் அரிது. அக்காலத்தில் அச்சிகிச்சைக்குப் பின் தாய் பிழைப்பதில்லை, அவன் தாய் அவுரேலியாவோ அவன் வளர்ந்து ஆளான பின்னும் உயிரோடிருந்தாள்.

ஆங்கிலமே ஒரு காலத்தில் மருத்துவத்துக்குத் தகாத மொழியாகக் கருதப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று. ஐரோப்பிய மருத்துவக் கலாசாலைகள் இலத்தீனிலே பேசின. கத்தியைக் கையில் எடுத்தவர்கள் இலத்தீன் கற்ற பண்டிதர்கள் அல்லர், சவரத் தொழிலாளர். இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இலேதான் அவர்கள் பிரிந்தனர். பிரான்சு தேசத்து அம்புறோஸ் பாரே நாவிதச் சத்திரவைத்தியரிடம் பயின்றவர். இலத்தீன் அறியாதவர். போர்க்களத்தில் துப்பாக்கிக் காயங்களுக்குக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையைக் கைவிட்டு, தாம் கண்டதை 1545இற் பிரெஞ்சு மொழியிலேயே நூலாக எழுதினார். முப்பது ஆண்டுகளின் பின் அவருடைய நூல்கள் முழுவதும் அதே மொழியிற் தொகுத்து வெளியிடப்பட்டபோது பாரிசு மருத்துவபீடத்தார் எதிர்த்தெழுந்தனர். இலண்டனில் நிக்கலஸ் கல்பெப்பர் 1649இல் மருத்துவர் கல்லூரியின் இலத்தீன் மருந்து நூலை ஆங்கிலத்திற் பெயர்த்து ஏழைகள் வாங்கும்படி செய்தபோதும் இதே கூக்குரல். இரகசியம் வெளிப்பட்டுவிட்டதே என்பதுதான் அவர்களின் ஆத்திரம். மொழி காவல் செய்தது அறிவை மட்டுமன்று, வருமானத்தையும்.

நம்மிடத்தும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. பதிற்றுப்பத்திற் பரணர், போரிற் பட்ட புண்ணைத் தைக்கும் நெடிய வெண்ணிற ஊசிக்கு, குளத்தில் மூழ்கி மீனோடு எழும் சிரற்பறவையை உவமை கூறுகின்றார். சிரல் என்பது மீன்கொத்தி. உன்னிச்சைக் குளக்கட்டில் ஒரு மாலைப்பொழுது நின்றவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஊசி உட்புகுந்து மறைந்து மறுபுறம் மின்னி எழுவதை நேரிற் கண்டவனே அதைச் சொல்லியிருத்தல் கூடும். குலசேகர ஆழ்வார் வாளால் அறுத்தும் சுட்டும் சிகிச்சை செய்யும் மருத்துவன்மீது நோயாளி மாறாத அன்பு கொண்டிருப்பதைப் பாடுகின்றார். வடமொழியிற் சுசுருத சங்கிதை, அறுத்தல், பிளத்தல், சுரண்டல், குத்தல், துழாவல், பிடுங்கல், வடித்தல், தைத்தல் எனச் சத்திரத் தொழிலை எட்டாக வகுக்கின்றது. எல்லாம் வினைச்சொற்கள். வயலிலும் அடுக்களையிலும் வழங்கும் சொற்கள்.

இவற்றை எடுத்துக்காட்டி மார்தட்டிக்கொள்வது எளிது. மேடைகளிற் பலர் அதைச் செய்கின்றனர். ஆழ்வார் பாடலை ஒப்புவித்துவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கில மூலத்திற்கு அனுப்புகின்றனர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கத்தி பிடித்த கை யாருடையது? தமிழகத்திற் புண் அறுத்தவரும் கட்டுக் கட்டியவரும் நாவிதர் குலத்தினர். ‘மருத்துவர்’ என்பது அவர்களின் குலப்பெயராகவே வழங்கிற்று. மருத்துவிச்சியும் அக்குலத்துப் பெண்ணே. இரத்தத்தைத் தொட்டவரைச் சமூகம் தீண்டத்தகாதவர் வரிசைக்கு அருகே நிறுத்தியது. சுவடியை உடையவர் கத்தியைத் தொடவில்லை. கத்தியை உடையவருக்குச் சுவடி எட்டவில்லை. அத்தொழிலிற் பிறந்த எத்தனையோ சொற்கள் எழுதப்படாமலே செத்தன.

இப்பின்னணியிலேதான் கிறீனின் பணியை மதிப்பிடல் வேண்டும். 1822இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர் 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். சமயம் பரப்புவதே அவர் வருகையின் நோக்கம். அதனை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. அடுத்த ஆண்டே மாணவரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கலானார். தொடக்கத்திற் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலத்திற் கற்றவன் கிராமத்திற் தங்குவதில்லை, உத்தியோகம் தேடி வெளியேறுகின்றான் என்பதை அனுபவத்திற் கண்டார். 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மதபோதகர் ஒருவர் கண்டுகொண்ட இந்தச் சமூக உண்மையை நமது கல்விமான்கள் இன்னும் காணவில்லை.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். அவர் கொண்ட நெறி எளியது. முதலில் தமிழிற் தேடுக, கிடையாதாயின் வடமொழியில், அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுக. உடலமைப்பு நூலுக்கு அவரும் அவரது மாணவர்களும் இட்ட பெயர் ‘அங்காதிபாதம்’. தெய்வத்தையும் தலைவியையும் முடி முதல் அடி வரை பாடும் கேசாதிபாத மரபை அறிந்த காதுகளுக்கு அப்பெயர் அந்நியமாக ஒலித்திராது. பிரபந்த மரபிலிருந்து பிணமறுக்கும் மேசைக்கு ஒரு சொல் இறங்கி வந்தது. உடற்றொழிலுக்குச் ‘சுகரணம்’. இரசாயனத்துக்கோ ‘கெமிஸ்தம்’ என்றே வைத்தார்கள். தூய்மைவாதிகள் முகஞ்சுளிக்கலாம், நூல் வெளிவந்து மாணவன் கையிற் சேர்ந்தது. கிறேயின் புகழ்பெற்ற உடலமைப்பு நூல் இலண்டனில் முதன்முறை வெளிவந்தது 1858இல். ‘மனுஷ அங்காதிபாதம்’ என அது தமிழில் வந்தது 1872இல். இடைவெளி பதினான்கே ஆண்டுகள். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் இப்பணியை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு காலமானார். அவர் வழி வந்த தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. கவிஞர் அம்பி 1967இல் எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ இல்லாதிருந்தால் நம்மிற் பலர் அவர் பெயரையே அறிந்திரார்.

ஆகவே சொல் இருந்தது. நூல் இருந்தது. கற்ற வைத்தியரும் இருந்தனர். அழித்தது எது? 1870இற் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மொழி ஆங்கிலம். அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம் யாவும் அம்மொழியின் வாசலிற் காத்திருந்தன. தமிழிற் படித்த வைத்தியனுக்கு அவ்வாசல் குறுகலாயிற்று. நூல்கள் விவாதத்திலே தோற்கவில்லை. அவற்றைப் படித்தவனுக்குச் சோறில்லாமற் போயிற்று.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். எங்கள் கீழ்மாகாணத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இற் கலைச்சொற்றொகுதி வெளிவந்தது. சுதந்திரத்தின் பின் இலங்கையில் அரசாங்கமே துறைதோறும் சொற்றொகுதிகளை அச்சிட்டது. உயர்தர வகுப்பு வரை உயிரியல் தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. என் மாணவி ஒருத்தி இதயத்தின் அறைகளையும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் பிழையறத் தமிழில் எழுதிச் சித்தியெய்தி மருத்துவபீடம் புகுகின்றாள். புகுந்த அன்று அத்தமிழைக் கழற்றி வாசலில் வைக்கின்றாள். ஐந்தாண்டு கழித்து அவள் டொக்டராகி எங்கள் மக்களிடம் வரும்போது அதனை மீண்டும் அணிந்துகொள்ள நேரம் இருப்பதில்லை. வெளிநோயாளர் வரிசையில் நூறு பேர் நிற்கையில் யாரை நோவது? நோயாளியின் கையைப் பிடித்துத் தமிழில் விளக்கும் வைத்தியர்களையும் நான் கண்டிருக்கின்றேன். அது அவர்களின் பண்பு. மக்களின் உரிமை தனிமனிதரின் பண்பை நம்பியிருத்தலாகாது.

சொல்லைப் பற்றி நமக்குள் நடக்கும் சண்டையும் உண்டு. இலங்கையிற் ‘சத்திரசிகிச்சை’ என்போம். தமிழகத்தார் ‘அறுவைச் சிகிச்சை’ என்பர். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சத்திரமெண்டால் வழிப்போக்கர் தங்குற மடந்தானே சேர்?” என்றான். கத்திக்குரிய வடசொல் அது என்று விளக்கியபின்னும் அவன் முகம் தெளியவில்லை. ‘குடல்வளரியை வெட்டி நீக்கல்’ என்றதும் அனைவர்க்கும் விளங்கியது. ‘ஒப்பரேசன்’ என்று வயலிலே சொல்கின்றார்களே, அதையும் நான் தள்ளேன். கிறீனின் மூன்றாம் நெறி அதற்கு இடமளிக்கின்றது. சொல்லின் குலம் எதுவாயினும் ஆகுக. எங்கே வெட்டுகின்றனர், எதை எடுக்கின்றனர், எது எஞ்சுகின்றது என்னும் மூன்றையும் உழவன் ஒருவன் கேட்டவுடன் அறிதல் வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியோ உறவினரோ ஒப்பமிடும் சம்மதப் படிவம் ஒன்றை அண்மையிற் கண்டேன். அச்சிட்ட வாசகம் நல்ல தமிழ். சிகிச்சையின் பெயருக்கென விடப்பட்ட கோட்டில் மட்டும் ஆங்கில எழுத்து. கீழே ஒரு முதியவரின் கையொப்பம், தமிழில். எதற்குச் சம்மதித்தார் என்று வினவினேன். “வயித்துக்குள்ள என்னமோ செய்யோணுமாம்” என்றார். 1987ஆம், 1988ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்களின்படி தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. அந்தக் கோட்டின் கீழ் இன்னொரு கோடு இட்டு, மேலே எழுதியதைத் தமிழில் எழுதுமாறு அச்சிடுவதற்குச் சட்டம் எதுவும் புதிதாக வேண்டியதில்லை. ஆசிரியர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் எழுத்தில் இதனைக் கேட்கலாம். உன்னிச்சையில் நாங்கள் மனுவின் வரைவை எழுதத் தொடங்கிவிட்டோம்.