விலகிப் போகச் சொன்ன ஊர்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்கள் பூ, தேங்காய், பழத்தோடு இன்னொன்றும் வாங்குவார்கள்: பாம்பு, தேள், பூரான், பல்லி என்று உருவம் அழுத்திய மெல்லிய உலோகத் தகடு. வீட்டுக்குள் இவற்றின் நடமாட்டம் மிகுந்தால் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, எந்த உயிரால் தொல்லையோ அதன் உருவத்தை உண்டியலில் போடுவது தென்மாவட்டக் குடும்பங்களின் வழக்கம். திரும்பும்போது கோயில் புற்றுமண்ணை மடித்து எடுத்துப்போவார்கள்.

தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவர் சிவனே பெரியவர் என்றார், மற்றவர் திருமாலே என்றார். வழக்கு அம்மனிடம் போக, அவள் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காணவைத்தாள். அதுதான் ஆடித்தபசு விழாவின் கதை. நாகங்கள் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் நாகசுனை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. உக்கிரபாண்டியன் கோயில் கட்டிய கதையும் புற்றில்தான் ஆரம்பம். புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட, பக்கத்தில் லிங்கம் தென்பட்டதாம். ஒரு பாம்புக்குப் பட்ட காயத்திலிருந்து கதை தொடங்கும் ஊரில், நேர்ச்சையும் அதற்கேற்றபடியே இருக்கிறது. அந்த உயிர் சாக வேண்டும் என்று யாரும் வேண்டுவதில்லை. வீட்டைவிட்டு விலகிப் போனால் போதும் என்பதே வேண்டுதல்.

பாம்பு ஒரு வீட்டைத் தேடி வர முக்கியமான காரணங்கள் இரண்டு: எலி, தவளை. சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம். கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரிசல், ஐப்பசி கார்த்திகையில்தான் நிறைய நனையும். இத்தகைய நிலத்தில் மண்ணுக்குள் வாழப் பழகிய தவளைகள் உண்டு. பின்னங்காலின் அடியில் மண்வெட்டி அலகுபோல ஒரு தடிப்பு இருக்கும். அதனால் மண்ணைத் தள்ளிப் பின்பக்கமாகவே புதைந்து போகும். முதல் பெருமழையில் அவை வெளியே வருகின்றன. விளக்கடியில் பூச்சி மொய்க்க, பூச்சியைத் தேடித் தேரை வாசற்படி ஏறும். குளியலறை ஈரத்துக்கு மரத்தவளை வரும்.

தேரையைப் பற்றி நம் வீடுகளில் நல்ல பேச்சு குறைவு. பிள்ளை மெலிந்தால் ‘தேரை விழுந்துவிட்டது’ என்றார்கள். பருப்பில்லாத தேங்காயைத் ‘தேரை மோந்தது’ என்றார்கள். தேங்காயில் பருப்பு பிடிக்காததற்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் சத்துக் குறைவும் காரணங்கள். மெலியும் பிள்ளைக்கு மருத்துவர்தான் வேண்டும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நச்சுப் பால் இருப்பது மட்டும் உண்மை. கடித்த நாய்க்கு நுரை தள்ளும். தொட்ட கையைக் கண்ணில் வைத்தால் எரியும். தொட்டால் மரு வரும் என்பதில் உண்மை இல்லை.

இந்த அருவருப்பு தவளையை ஓரளவு காப்பாற்றியும் வந்தது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை. துடைப்பத்தால் முறத்தில் தள்ளி வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டு வருவதோடு வேலை முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அதற்கும் விலை வந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உறைய வைத்த தவளைக்கால் ஏற்றுமதி பெருகியது. மழை இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் வயலில் இறங்கினார்கள். வெளிச்சத்தில் கண் கூசி அசையாமல் நிற்கும் பெரிய தவளைகளைக் கையாலேயே அள்ளிச் சாக்கில் போட்டார்கள். பின்னங்கால்களை வெட்டி எடுத்த பிறகும் மீதி உடல் துடித்துக்கொண்டிருக்கும். 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 டன்னுக்கு மேல் கால்கள் கப்பலேறின. ஒரு டன்னுக்கு எத்தனை ஆயிரம் தவளை என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. வயலில் பூச்சி தின்னும் வாய்கள் குறைகின்றன, பூச்சிமருந்துச் செலவு ஏறுகிறது என்ற குரல் வலுத்தது. 1985ல் இந்தியப் பெருந்தவளையும் பச்சைக் குளத்தவளையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987ல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்தும் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011க்குப் பிறகு படிப்படியாக விலக்கியது.

இன்று வீட்டுக்குள் வரும் தவளையை அடிக்கப் பலருக்கு மனமில்லை. பிடித்து, தூரத்துக் கண்மாயில் விட்டால் புண்ணியம் என்று பையில் போட்டு எடுத்துப்போகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் தூரம்தான் இங்கே தவறு. தவளைக்குத் தன் பதுங்கிடமும் முட்டையிடும் நீரும் பழக்கம்; புது இடத்தில் அது வழி தெரியாமல் அலையும், வெயிலில் காயும். தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை உலகில் 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ் இனங்களைக் குறைத்திருக்கிறது. ஒரு குளத்துத் தவளையை மறு குளத்துக்குக் கொண்டுபோவது நோயையும் கூடவே கொண்டுபோகும் வழி. அந்தமானுக்கு மனிதர் கைவழியாகப் போய்ச் சேர்ந்த பெருந்தவளை இன்று அங்கே பரவி உள்ளூர் உயிர்களைத் தின்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் மற்ற தலைப்பிரட்டைகளையே விழுங்குகின்றன. நம் வீட்டு வாசலில் உட்காரும் அதே ஆசியத் தேரை மடகாஸ்கரின் துவமாசினா துறைமுகப் பக்கம் பரவியிருப்பது 2014ல் தெரியவந்து, அந்நாட்டு ஆய்வாளர்களைக் கவலையில் ஆழ்த்தியது.

ஆகவே முறமும் வாய்க்கால் ஓரமும் போதும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. கையில் இருக்கும் உப்பும் சோப்பும் எண்ணெயும் கொசுவிரட்டிக் களிம்பும் அதே தோல் வழியாகத்தான் உள்ளே போகும். சோப்பில்லாமல் கழுவிய ஈரக்கையால் எடுக்கலாம். ஈரத்துணி போட்ட டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினால் கைபடவே தேவையில்லை. விரட்ட உப்புத் தூவுவது அதை உயிரோடு வாட்டுவது. பொழுது சாய்ந்த பிறகு, வீட்டுப் பக்கத்திலேயே செடியடி நிழலிலோ தொட்டியோர ஈரத்திலோ விட வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்த நாளே அது திரும்பி வந்தால் குறை வீட்டில்தான். கதவடி இடுக்கை அடைக்க வேண்டும், சாக்கடைக் குழாய்க்கு வலை கட்ட வேண்டும், வாசல் விளக்கை வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். சிமெண்டுத் தொட்டியின் உட்சுவரில் வெள்ளை நுரைக்கட்டி ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டிவிடக் கூடாது. மரத்தவளையின் கூடு அது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். அவை கால் முளைத்து ஏறிப்போகும்வரை தொட்டியைக் காலி செய்வதைத் தள்ளிப்போடலாம். அவசரமாகத் தண்ணீர் வேண்டுமென்றால், தலைப்பிரட்டைகளை அந்தத் தண்ணீரோடே ஒரு வாளிக்கு மாற்றி, நிழலில் வைத்து, கால் முளைத்து ஏறி வர ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் போதும்.