கூஜா முதல் பெட் பாட்டில் வரை: மலையேறிய தண்ணீரின் கதை

மலையேறக் கிளம்புகிறவர்கள் சுமையைக் குறைக்க என்னென்னவோ செய்வார்கள். சோற்றுக்குப் பதில் அவல், ஜமுக்காளத்துக்குப் பதில் ஒரு துண்டு... ஆனால் தண்ணீரிடம் இந்த வேலை எல்லாம் நடக்காது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. வற்றல் மாதிரி காய வைத்தா எடுத்துப் போக முடியும்? ஆகவே வழிநடப்பவனுக்கு அன்றும் இன்றும் இரண்டே வழிதான். ஒன்று, சுமக்க வேண்டும். இல்லையென்றால், போகிற இடத்தில் கிடைக்கும் என்று நம்ப வேண்டும்.

நம்பிப் போன காலத்துக்கு ஒரு நல்ல சாட்சி பத்துப்பாட்டில் இருக்கிறது. மலைபடுகடாம். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர், எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்த 583 அடிகள். எந்தப் பாறை வழுக்கும், எங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், குறவர் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும், சேயாறு எப்படி ஓடும் என்று போகிறது பாட்டு. இன்றைய பாஷையில் சொன்னால் பக்கா டிரெக்கிங் கைடு :) அதில் வரும் நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்பது அறிஞர்கள் கருத்து. கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கத்துப் பையன்கள் சனிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்துப் போகிறார்களே, அதே மலை!

சரி, சுமந்தவர்கள் எதில் சுமந்தார்கள்? தொல்காப்பிய மரபியல் அந்தணருக்கு உரிய பொருட்களைச் சொல்லும்போது கரகத்தையும் சேர்த்துச் சொல்கிறது. துறவிகள் கையில் கமண்டலம். அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை தட்டிவிட்டதால் காவிரி பிறந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். மூடி போட்ட பாத்திரமாக இருந்திருந்தால் தஞ்சாவூர் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சாதாரண மக்களிடம் இருந்தது சுரைக்குடுவை. முற்றிய சுரைக்காயைக் காய வைத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, கழுத்தில் கயிறு கட்டினால் தீர்ந்தது. மண்பானையை விட லேசு. செலவும் கிடையாது.

வழியில் தண்ணீர் கிடைக்கச் செய்வது புண்ணியமாகவும் இருந்தது. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் கல்வெட்டுகளிலும் உண்டு.

இதெல்லாம் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் யாருக்குக் கிடைத்தது? இந்தக் கேள்விக்கு வந்தால் கூஜாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். பித்தளையில், பிறகு எவர்சில்வரில் செய்த, மரை போட்டு மூடும் பாத்திரம். மேலே தூக்கிச் செல்ல ஒரு பிடி. ரயில் வந்த பிறகு இதற்கு மவுசு கூடியது. வசதிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டேஷனில் ஊற்றும் தண்ணீர் யார் தொட்டதோ என்ற பயம்! வெள்ளைக்காரன் காலத்தில் பல ஸ்டேஷன்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஆசாரம் பார்த்தவர்கள் அதையும் நம்பாமல் வீட்டுத் தண்ணீரைக் கூஜாவில் எடுத்துப் போனார்கள்.

இதற்கு மறுபக்கம் இன்னும் கசப்பு. ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் இறங்கவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்கு வழியில் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மகாட் ஊரில், பொதுக் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்காக அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு நடந்து போக வேண்டியிருந்தது. ஒருவன் தூய்மைக்காகச் சுமந்தான், இன்னொருவன் வேறு வழியில்லாமல் சுமந்தான். பெரிய மனிதர்கள் பலர் தங்கள் கூஜாவைத் தாங்களே தூக்கவும் இல்லை. 'கூஜா தூக்கி' என்ற வசவு சும்மா வந்துவிடவில்லை.

பிறகு வந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். லாரிகளின் முன்னால் தொங்கிய கான்வாஸ் பை: துணி வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிரும், மண்பானை மாதிரியே. 1892ல் டூவர் கண்டுபிடித்த பிளாஸ்க் நம் ஊரில் காபிக்கே போய்விட்டது. 1989ல் அமெரிக்காவில் மைக்கேல் ஐட்சன் என்பவர் சைக்கிள் பந்தயத்துக்காக, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதைக் காலுறைக்குள் போட்டு முதுகில் கட்டிக்கொண்டார். முதுகில் மாட்டி, குழாய் வழியே உறிஞ்சும் கேமல்பேக் அப்படித்தான் பிறந்தது.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது பெட் பாட்டில். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் இருந்த நதேனியல் வையத் 1973ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் பிஸ்லெரி 1960களிலேயே கண்ணாடி பாட்டிலில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1969ல் பார்லே அதை வாங்கியது. கண்ணாடி கனம், உடையும், கடைக்குத் திரும்ப வேண்டும். பெட் பாட்டிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சுரைக்குடுவையும் கூஜாவும் வீடு திரும்பின. திரும்பி வர வேண்டாம் என்றே செய்த தண்ணீர்ப் பாத்திரம் இதுவும், இதற்குத் தம்பியான பாக்கெட் தண்ணீரும்தான். யார் தொட்டதோ என்ற பழைய பயம் போய், எந்தக் கம்பெனி சீல் வைத்தது என்று பார்க்கும் பழக்கம் வந்தது. மலைக்கு மட்டுமா? ஏரி இருக்கிற கீழ்க்கட்டளையிலேயே பல வீடுகளில் குடிக்க 20 லிட்டர் கேன்தான்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டைத் தடை செய்தது. பெட் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. மலைப்பாதைகளில் அது குவிந்துகொண்டே போனது. கோவை பக்கம் வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏற வேண்டும். கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று வழியில் நீர் இருந்தும் பக்தர்கள் பாட்டிலோடுதான் ஏறுகிறார்கள். பார்த்தது வனத்துறை. அடிவாரத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலோடு இறங்கி வந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல, கோலி சோடா கடைக்காரர் எப்போதோ போட்ட கணக்கு. பாட்டிலின் விலையில் அது ஏறிப் போகிற செலவு இருக்கிறது, இறங்கி வருகிற செலவு இல்லை. அந்த விட்டுப்போன வரியைத்தான் வனத்துறை 20 ரூபாய் என்று எழுதி வைத்தது. ஏறும்போது ஒரு கிலோ, இறங்கும்போது சில பத்து கிராம். அந்தச் சில கிராமைச் சுமக்க வைக்கத்தான் இத்தனை ஸ்டிக்கரும்.