தவிலைப் பங்கு பிரிப்பது எப்படி?

குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலின் முன்மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கும் தேராகவே கல்லில் அமைத்திருக்கிறார்கள். அங்கே நின்று ஒருவர் தவில் வாசித்தால், தொப்பி என்னும் இடப்பக்கத்தில் குச்சி விழும் ‘தொம்’மும், வலந்தலை என்னும் வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் எழுப்பும் ‘டக்’கும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். அதே தவிலை நம்முடைய தேரில், அதாவது காரில், கேட்கும்போதுதான் சிக்கல். தொம் கதவடியில் இருக்கும் வூஃபருக்கு, டக் கண்ணாடியோரத்து ட்வீட்டருக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்வது கிராஸ்ஓவர். அதில் இரண்டு வகை.

பாஸிவ் கிராஸ்ஓவர் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரும். தனி மின்சாரம் கேட்காது. கெபாசிட்டர் கீழ் ஓசையைத் தடுக்கும், காயில் மேல் ஓசையைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் சரக்கு. ஆக்டிவ் கிராஸ்ஓவரோ ஆம்புக்கு முன்னாலேயே, சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப் சேனல் வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

பாஸிவின் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கர்கள், 3,500 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டும் என்றால் ட்வீட்டருக்கு 11.4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வூஃபருக்கு 0.18 மில்லிஹென்றி காயில். இரண்டும் சட்டைப்பையில் அடங்கிவிடும். ஆனால் இந்தச் சரிவு ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான். ட்வீட்டருக்குத் தாங்காத கீழ் ஓசை கொஞ்சம் கசியும். 12 டெசிபல் வேண்டுமென்றால், லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-இல் முன்வைத்த முறைப்படி, வூஃபர், ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் 5.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 0.36 மில்லிஹென்றி காயில் ஒன்று. கூடவே ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றி மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் 3,500-ஐ ஒட்டி இரண்டு ஸ்பீக்கரின் ஓசையும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

காகிதத்தில் இவ்வளவும் அழகு. ஆனால் அந்த 4 ஓம் ஒரு முகவரிதான், ஆள் அங்கே இருப்பதில்லை. அதிர்வெண் கூடக் கூட வூஃபரின் உள்சுருள் காரணமாக அதன் தடை ஏறிக்கொண்டே போகும். 3,500 ஹெர்ட்ஸில் 4 ஓம் என்று நம்பிப் போட்ட காயில் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. ஒரு ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் வரிசையாகக் கோத்து வூஃபரின் குறுக்கே கட்டுவது இதற்குக் கைவைத்தியம். ஸோபல் என்பார்கள். பாஸிவை வடிவமைப்பதில் உண்மையான உழைப்பு இங்கேதான்: சூத்திரத்தைப் போடுவது ஐந்து நிமிடம், ஸ்பீக்கரை அளப்பது ஒரு நாள். ஆக்டிவுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஸ்பீக்கரின் தடை எப்படி ஆடினாலும் பிரிக்கும் இடம் நகராது.

இன்னொன்று, நாம் உட்காரும் இடம். நம் ஊர் ஓட்டுநர் வலப்பக்கம் ஒட்டி உட்காருகிறார். இடக்கதவின் ஓசை 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மில்லிசெகண்ட் தாமதம். டிஜிட்டல் ஆக்டிவ் கருவி வலப்பக்கத்தை அதே அளவு காக்க வைக்கும். பாஸிவுக்குக் காக்க வைக்கத் தெரியாது.

அப்படியானால் பாஸிவ் எதற்கு? காரோடு வந்த ஸ்டீரியோவே போதும் என்பவர்களுக்கு அதுதான் வழி.   இருக்கிற சேனலில் புதிதாக எதையும் சேர்க்காமல் ட்வீட்டரைக் காப்பாற்ற அந்தக் கெபாசிட்டர் போதும்.

அடியோசைக்கென்றே தனியாக வைக்கும் சப்வூஃபர் வந்ததும் கதை மாறுகிறது. 80 ஹெர்ட்ஸில் பிரிக்க அதே 6 டெசிபல் சூத்திரம் கேட்பது 8 மில்லிஹென்றி காயிலும், கதவு ஸ்பீக்கருக்கு 500 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். அந்தக் காயிலுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி எடை ஏறும். கம்பியின் சொந்தத் தடையே ஆம்பின் பலத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். சப்வூஃபருக்கு ஏற்கெனவே தனி ஆம்ப் உண்டு. அதிலேயே இருக்கும் ஆக்டிவ் திருகை 80-க்குத் திருப்பினால் வேலை முடிந்தது. எனக்குக் கையில் பணம் குறைவென்றால் கீழே ஆக்டிவ், மேலே பாஸிவ் என்றுதான் கட்டுவேன்.

கட்டிய பிறகு, குன்றாண்டார்கோவில் குன்றடியில் நிழல் பார்த்து காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு ஒரு தனி ஆவர்த்தனம் போட்டுக் கேட்பேன். ஓடும் காரில் டயர் இரைச்சல் தொப்பியை மூடிவிடும். டக் கண்ணாடியோரத்திலும் தொம் காலடியிலுமாகத் தவில் இரண்டாகக் கிழிந்து கேட்டால், முதலில் ட்வீட்டர் வயரைக் கழற்றி மாற்றிப் பார்ப்பேன்.