பாயும் வேண்டும், வேகமும் வேண்டும்: ட்ரெய்லரில் இழுக்கக்கூடிய சிறு படகைத் தெரிவு செய்தல்

ரொறன்ரோவில் கோடை வந்தால் எங்கள் ஆட்கள் ஏரிக்கரைக்குப் போவது புதிதல்ல. இறைச்சி வாட்டுவோம், பிள்ளைகளை நீந்த விடுவோம், பொழுதுபட வீடு திரும்புவோம். இப்போது பலர் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார்கள்: ஒரு சிறிய படகு வாங்கினால் என்ன? நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, செலவைப் பங்கு போடுவது என்ற ஏற்பாட்டில், ஒரு கோடை முழுவதும் இந்தக் கேள்வியோடு அலைந்தோம். அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

எங்கள் நிபந்தனைகள் மூன்று. படகு பாய் விரித்து ஓட வேண்டும். மாதாமாதம் துறைமுகத்துக்கு வாடகை கட்டாமல், ட்ரெய்லரில் ஏற்றி வீட்டு முற்றத்தில் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். காற்று விழுந்துவிட்டாலோ, பிற்பகலில் இடிமேகம் திரண்டாலோ, இயந்திரத்தைப் போட்டு விரைவாகக் கரை சேர வேண்டும். இந்த மூன்றையும் ஒரு படகிடம் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது.

பாய்ப்படகு ஏன் மெதுவாகப் போகிறது?

சாதாரண பாய்ப்படகு தண்ணீரைப் பிளந்து விலக்கிக்கொண்டு போகிறது. அப்படிப் போகும்போது தானே எழுப்பும் அலைக்குள் அது சிக்கிக்கொள்கிறது. அதன் வேக எல்லையை அறிய ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், வேகம் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் கற்றலினா 22 என்ற படகுக்கு அந்த நீளம் 19 அடிக்குச் சற்று மேல். கணக்கிட்டால் ஏறத்தாழ 5.9 கடல்மைல், அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர். அதற்கு 5 அல்லது 6 குதிரைவலு இயந்திரம் போதும். 50 குதிரைவலுவை மாட்டினாலும் படகின் பின்பக்கம் தாழுமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது.

இந்த எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் படகு தண்ணீரின் மேல் எழுந்து சறுக்க வேண்டும். அதற்கு அடிப்பாகம் தட்டையாகவும் படகு பாரம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். பாய்க்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிரானது. காற்று பாயைச் சரிக்கும்போது படகை நிமிர்த்த அடியில் பாரம் வேண்டும். பாய் பாரத்தைக் கேட்கிறது, வேகம் பாரமின்மையைக் கேட்கிறது.

தண்ணீரையே பாரமாக்கும் முறை

இந்தப் பிணக்குக்குக் கலிபோர்னியாவின் கொஸ்ரா மேசா நகரில் இயங்கிய மக்கிரேகர் நிறுவனம் கண்ட வழி, படகின் அடியில் ஒரு தொட்டியை அமைப்பது. பாய் விரிக்க முன்னர் ஏரித் தண்ணீரால் தொட்டியை நிரப்ப வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றும்போது அதைத் திறந்து விட்டால் பாரம் இறங்கிவிடும். இந்த வகையில் 1990களின் நடுப்பகுதியில் வந்தது 26எக்ஸ். அதற்குப் பின் 26எம் வந்து 2013 வரை உற்பத்தியானது. ஹன்ரர் எட்ஜ் 27 என்பதும் இதே எண்ணத்தில் செய்யப்பட்ட படகு. ஆனாலும் பாவித்த படகுச் சந்தையில் உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது மக்கிரேகர்தான்.

26எம் படகின் வெற்று நிறை 2,550 இறாத்தல். அதில் 300 இறாத்தல் நிரந்தர அடிப்பாரம். தொட்டியில் மேலும் 1,150 இறாத்தல் தண்ணீர் பிடிக்கும். 26எக்ஸில் நிரந்தர அடிப்பாரம் இல்லை, முழுவதும் தண்ணீர்தான். இன்னொரு வேறுபாடும் உண்டு. படகு பக்கவாட்டில் அடிபடாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை, எக்ஸில் அச்சில் ஆடி மேலெழும். எம்மில் கத்திபோல் நேராக இறங்கி நிற்கும். கல்லில் தட்டினால் எக்ஸின் பலகை மடிந்து கொடுக்கும், எம்மின் பலகை அடியை முழுவதுமாக வாங்கும். பாறைகள் நிறைந்த ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் போக எண்ணுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வேகத்தின் உண்மைக் கணக்கு

விளம்பரங்களில் இந்தப் படகுகள் 50 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தோடு மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் என்று காணலாம். அது பொய்யல்ல. ஆனால் அது தொட்டி வெறுமையாக, ஓரிருவர் மட்டும் ஏறி, தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும்போது கிடைக்கும் வேகம். தொட்டியை நிரப்பி, ஒரு குடும்பமும் ஏறி, ஐஸ் பெட்டியையும் வைத்தால் 25 கிலோமீற்றர் அளவை எதிர்பார்ப்பதே நியாயம்.

ஒரு எடுத்துக்காட்டு. ரொறன்ரோவில் இருந்து ஏரியைக் குறுக்கே கடந்து நயாகராப் பக்கம் போக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மணிக்கு 9 கிலோமீற்றர் ஓடும் சாதாரண பாய்ப்படகு இயந்திரத்தில் போனால் ஐந்தரை மணித்தியாலம் எடுக்கும், எரிபொருள் 10 லீற்றருக்குள் முடியும். 25 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு மணித்தியாலம். ஆனால் 50 குதிரைவலு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு 17 முதல் 19 லீற்றர் வரை குடிக்கும். ஆகவே செலவு 35 லீற்றர் அளவில் வரும். மூன்றரை மணித்தியாலத்தை 25 லீற்றர் கொடுத்து வாங்குகிறோம். ஞாயிறு இரவு வேலைக்குப் போக வேண்டியவருக்கு இது இலாபம். ஓய்வுபெற்றவருக்கு நட்டம்.

பாயில் ஓடும்போதும் ஒரு விலை உண்டு. இந்தப் படகுகள் உயரமானவை, பாரம் குறைந்தவை. காற்று பாயைப் பிடிப்பதுபோல் படகின் சுவரையும் பிடிக்கும். எதிர்க்காற்றில் ஏறி ஓடுவதில் கற்றலினா போன்றவை இவற்றைவிடச் சிறந்தவை. பாய்தான் முதல் விருப்பம் என்றால் சாதாரண பாய்ப்படகையே வாங்குங்கள். பாயை எப்போதாவதுதான் விரிப்பீர்கள் என்றால் மோட்டார் படகே மலிவு. இரண்டும் ஏறத்தாழ சமமாக வேண்டும் என்பவர்களுக்கே இந்த வகை பொருந்தும்.

உங்கள் வான் இழுக்குமா?

எங்களில் இருவரிடம் இருந்தவை சியன்னாவும் ஒடிசியும். இரண்டின் இழுவை எல்லையும் 3,500 இறாத்தல். இப்போது கூட்டிப் பாருங்கள்: படகு 2,550, ட்ரெய்லர் ஏறத்தாழ 700, இயந்திரம் 240, எரிபொருளும் பாய்களும் நங்கூரமும் சாமான்களும் 400. மொத்தம் 3,890. எங்கள் வான்கள் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டன. மூன்றாமவரிடம் பிக்கப் இருந்ததால் கதை தொடர்ந்தது. விற்பவர் வெற்றுப் படகின் நிறையைத்தான் சொல்வார். கூட்டுத்தொகையை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒன்ராறியோவில் ட்ரெய்லர் பாரத்தோடு 1,360 கிலோகிராமோ அதற்கு மேலோ என்றால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். 3,890 இறாத்தல் என்பது ஏறத்தாழ 1,765 கிலோகிராம். ஆகவே பிரேக் கட்டாயம். பழைய ட்ரெய்லர்களில் தண்ணீரில் முங்கி முங்கித் துருப்பிடிப்பதும் முதலில் அதுதான். படகைப் பார்க்கப் போகும்போது முதலில் ட்ரெய்லருக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

இன்னும் சில விதிகள்: இயந்திரம் பொருத்திய எந்தப் படகை ஓட்டவும் தகுதிச் சான்று அட்டை வேண்டும். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் இருந்தால் படகுக்கு அனுமதி இலக்கம் பெற வேண்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். வரிக்குதிரை மட்டி போன்ற அந்நிய உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவுவதைத் தடுக்க, 2022 சனவரி முதல், படகைத் தெருவில் ஏற்ற முன்னர் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். அடியில் தொட்டி உள்ள படகுக்காரர் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தப் பழகியவர்களுக்கே முக்கால் மணித்தியாலம் செல்லும். நிறுத்த முன்னர் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். உலோக மரம் கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. மரத்தைச் சாய்க்க முடிவதில் நன்மையும் உண்டு. 386 கிலோமீற்றர் நீளமான ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியில் பாலங்களின் கீழ் 6.7 மீற்றர்தான் இடைவெளி. மரத்தைச் சாய்த்துவிட்டு இயந்திரத்தில் போகலாம். ஆனால் அங்கே வெட்டிய வாய்க்கால்களில் வேக எல்லை மணிக்கு 10 கிலோமீற்றர். 50 குதிரைவலு அங்கே உதவாது.

எத்தனை பேர் ஏறலாம்?

இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறோம். சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு படகைப் பார்க்கப் போனபோது எங்களோடு வந்த ஒரு அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, உதில எத்தனை பேர் ஏறலாம்?" நாங்கள் வேகத்தையும் விலையையும் பேசிக்கொண்டு நின்றோம். அவர் ஏறவில்லை. கரையில் நின்று இருக்கைகளை எண்ணினார். மன்னாரில் இருந்து இராமேசுவரத்துக்கு இரவில் வள்ளத்தில் போனவர் அவர். ஏற்றக்கூடியதைவிட இரண்டு மடங்கு ஆட்களோடு போன வள்ளம் அது. அன்று எண்ணுவதற்கு எங்களுக்கு உரிமை இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

தொட்டியில் உள்ள தண்ணீர் கல்லையோ ஈயத்தையோ போன்றதல்ல. வெளியே உள்ள தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை அதற்குத் தனிப் பாரம் இல்லை. படகு சரிந்து, தொட்டியின் ஒரு பக்கம் மேலே எழும்போதுதான் அது இழுத்து நிமிர்த்தும். ஆகவே நிரம்பிய தொட்டியோடும் இந்தப் படகு முதலில் சற்று ஆடத்தான் செய்யும், பிறகு உறுதியாக நிற்கும். வெறும் தொட்டியில் அந்த இரண்டாவது உறுதி இல்லை. அரைகுறையாக நிரம்பிய தொட்டி அதைவிட மோசம். உள்ளே உள்ள தண்ணீர் சரிந்த பக்கமே ஓடிச் சேர்ந்து, சரிவை இன்னும் கூட்டும்.

2002 யூலை 4ஆம் நாள் வெர்மொன்ட் மாநிலத்துச் சம்ப்ளெயின் ஏரியில் இத்தகைய 26 அடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதில் 11 பேர் இருந்தார்கள். தொட்டி உரியபடி நிரப்பப்பட்டிருக்கவில்லை. படகை ஓட்டியவர் மது அருந்தியிருந்ததாக நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். அமெரிக்க சுதந்திர தினம், வாணவேடிக்கை நாள், உறவும் நட்பும் கூடிய கூட்டம். எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களை நினைத்துப் பாருங்கள். "இன்னும் ஒராள்தானே, ஏறட்டும்" என்று சொல்லாத குடும்பம் எங்களில் உண்டா? ஒருவரைக் கரையில் விட்டுவிட்டுப் போவது எங்களுக்கு மரியாதைக்குறைவு. படகுக்கு அந்த மரியாதை தெரியாது.

வெறும் தொட்டியோடு ஓட்டுவதற்குத் தயாரிப்பாளரே நிபந்தனைகள் வைத்திருக்கிறார்: பாய் இறக்கியிருக்க வேண்டும், தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும், ஆட்கள் மிகக் குறைவாக, தாழ்வாக அமர்ந்திருக்க வேண்டும். வாங்கும்போது அந்தப் படகுக்குரிய கைந்நூலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணிக்கையைப் படித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் முடிவு

நாங்கள் பாவித்த 26எம் ஒன்றை வாங்கினோம். பாவித்த படகில் விலையின் பெரும்பகுதி இயந்திரத்தில்தான் இருக்கிறது. புதிய 50 குதிரைவலு இயந்திரம் மட்டும் பத்தாயிரம் டொலர் அளவில் வரும். ஆகவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம். தொட்டியின் அடைப்பான் ஒழுகுகிறதா என்று நிரப்பி வைத்துப் பார்த்தோம். மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இழை பிரிந்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். இழை பிரிந்திருந்தால் துணியில் சிக்கும்.

மணிக்கு 35 கிலோமீற்றர் என்ற எண்ணை எங்கள் கணக்கில் இருந்து எடுத்துவிட்டோம். தொட்டி நிரம்பாமல் எங்கள் படகு ஓடாது. இயந்திரத்தில் போனாலும் அப்படியே. 25 போதும். ஆட்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை, கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். பதினொரு பேர் வந்தால் இரண்டு தரம் போவோம். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டுக்கொள்வோம். கனடாச் சுற்றுச்சூழல் அமைச்சின் ஏரி வானிலை அறிக்கையைக் காலையிலும் மத்தியானமும் பார்ப்போம்.

அந்த அக்கா இப்போது எங்களோடு வருகிறார். கயிற்றை அவிழ்க்க முன்னர் தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஆட்களை ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடியும் வரை இயந்திரத்தில் ஒருவரும் கை வைப்பதில்லை.