அணு ஊற்றுக் கடிகாரம்

மேலே எறிந்த கல் கீழே வந்தே தீரும். அது எழுந்து விழுவதற்குள் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ கழிகின்றன. கல்லுக்குப் பதிலாக அணுக்களை எறிந்தால் என்ன? 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுணுக்கக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜெரால்டு ஸக்காரியாஸ் உள்ளத்தில் இக்கேள்வி எழுந்தது.

அணுவை ஏன் எறிய வேண்டும்? தம்புராவின் சுருதி சேர்ந்ததா என்று ஒரு கணத்தில் கூறிவிட இயலுமா? சற்று நேரம் மீட்டிச் செவிசாய்த்தால்தான் இரு தந்திகளுக்கிடையே உள்ள சிறு வேற்றுமை புலப்படும். அணுவின் கதையும் அதுவே. ஸீஸியம் அணுவுக்கென்று மாறாத ஓர் அதிர்வு உண்டு. அதனோடு நுண்ணலையைச் சுருதி சேர்ப்பதே அணுக் கடிகாரம். ஆனால் அக்காலக் கருவிகளில் ஸீஸியம் அணு விநாடிக்கு 200 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து மறைந்துவிடும். மேல்நோக்கி எறிந்தாலோ, அது போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் அதே நுண்ணலையைச் சந்திக்கும். இடையில் தாராளமான அவகாசம் கிடைக்கும்.

ஸக்காரியாஸுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. உயரத்திலுள்ள கடிகாரம் தாழ்விலுள்ளதைவிடச் சற்று விரைந்து ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கொள்கை. மலைமேல் ஒன்றும் பள்ளத்தாக்கில் ஒன்றுமாகக் கடிகாரங்களை வைத்து அதைச் சோதிக்க விரும்பினார்.

பல மீட்டர் உயரமுள்ள குழாயை நிறுத்தி, அடியில் ஸீஸியத்தைச் சூடாக்கினார். ஆவியிலுள்ள அணுக்களில் மிகச் சிலவேனும் மெதுவாகச் செல்லும்; அவை எழுந்து திரும்பும் என்பது கணக்கு. குறி தோன்றவே இல்லை. பின்னால் விரைந்து வந்த அணுக்கள் முன்சென்ற மெதுவான அணுக்களை மோதிச் சிதறடித்துவிட்டன. கூட்டத்தில் முதியோரைத் தள்ளிவிட்டு ஓடும் இளைஞர்களை நாம் கண்டதில்லையா?

அவர் ஊற்றைக் கைவிட்டார். அவர் முயற்சியால் உருவான சாதாரண ஸீஸியம் கடிகாரம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. 1967-இல் ஒரு விநாடி என்பதே ஸீஸியத்தின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டது. ஸக்காரியாஸோ உயர்பள்ளி மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பிக்கும் முறையைச் சீர்திருத்துவதில் ஈடுபட்டார். என் கருத்தில் அது ஊற்றைவிடச் சிறிய பணியன்று.

மெதுவான அணுக்களைத் தேடிப் பொறுக்குவதை விடுத்து, எல்லா அணுக்களையும் மெதுவாக்கினால்? 1985-இல் ஸ்டீவன் சூ என்பவரும் அவருடைய தோழர்களும் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆறு திசைகளிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஸோடியம் அணுக்களைத் தளரச் செய்தனர். எந்தத் திசையில் அணு நகர்ந்தாலும் எதிர்வரும் ஒளி அதைத் தடுக்கும். வெப்பநிலை, தனிச் சுன்னத்துக்கு மேல் ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் 240 பங்கு! அணுவின் வேகம் விநாடிக்குச் சுமார் அரை மீட்டர். நாம் நடப்பதைவிடக் குறைவு.

பின்னர் சூ ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். அங்கே மார்க் காஸவிச் என்ற ஆராய்ச்சி மாணவர் முதலியோர் அடங்கிய குழு, குளிர்ந்த ஸோடியம் அணுக்களை லேசர் ஒளியாலேயே மேலே உந்தியது. அணுக்கள் எழுந்தன, நின்றன, விழுந்தன. ஆண்டு 1989. ஸக்காரியாஸ் 1986-இலேயே மறைந்துவிட்டார். 1990-களில் பாரிஸிலும் பிறகு அமெரிக்காவின் போல்டரிலும் ஸீஸியம் ஊற்றுகள் காலத்தை அளக்கத் தொடங்கின.

மலைச் சோதனை என்னவாயிற்று? ஐன்ஸ்டைன் கூற்றை 1960-இல் ஹார்வர்டில் காமாக் கதிர்களைக் கொண்டு வேறு வழியில் மெய்ப்பித்துவிட்டார்கள். எனினும் மேலொரு கடிகாரம், கீழொரு கடிகாரம் என்ற ஆசை டோக்கியோவில் புத்துயிர் பெற்றது. டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கட்டோரி 2001-இல் புதுவழி ஒன்று கூறியிருந்தார்: அணுக்களை எறியவே வேண்டாம், லேசர் ஒளியால் பின்னிய வலைக்கண்களில் ஸ்ட்ரான்ஷியம் அணுக்களைத் தாங்கி நிறுத்தலாம். அந்த அணுவின் அதிர்வோ விநாடிக்கு ஏறத்தாழ 429 லட்சம் கோடி. அவர் குழுவினர் அத்தகைய கடிகாரம் ஒன்றை டோக்கியோவின் ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்திலும், மற்றொன்றைத் தரையிலும் வைத்தனர். 2020-இல் முடிவு வெளியாயிற்று. மேலேயிருந்த கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் நூறு கோடியில் நான்கு பங்களவு முந்தியிருந்தது.