ஆலிவ் மரமும் கண்ணாடிக் குப்பியும்

தமிழ் பைபிளில் ஒலிவ மரம் என்று வருவது ஆலிவ் மரம் தான். மத்திய தரைக்கடல் நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிராகும் இதை விதை போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. விதையில் முளைத்த கன்று தாய் மரம் போல இருக்காது, காய்க்கவும் பல வருடம் ஆகும். எனவே அடிமரத்துப் புடைப்பை வெட்டி நடுவது, பக்கக் கன்றைப் பிரிப்பது, ஒட்டுக் கட்டுவது என்றே காலம் ஓடியது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இலையோடு கூடிய குச்சிகளை வேர் ஊக்கியில் நனைத்து, புகை போல நீர் தெளிக்கும் கூடாரத்தில் வைக்கும் முறை பரவியது. சில ரகங்கள் அதற்கும் மசியவில்லை. போர்ச்சுகலின் 'கலேகா வல்கர்' அப்படி ஒரு பிடிவாதக்கார ரகம்.

1962ல் முராஷிகேவும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக ஓர் ஊட்டக் கலவை உருவாக்கினார்கள். அது பிறகு எத்தனையோ பயிர்களுக்குப் பொதுச் சமையல் ஆனது. ஆலிவுக்கு மட்டும் அது சரியாக ஒத்துவரவில்லை. இத்தாலிய ஆய்வாளர் எட்டோ ருஜினி வேறு வழியில் யோசித்தார். ஆலிவின் வளரும் தளிரிலும் விதைக் கருவிலும் என்னென்ன தாதுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பகுத்துப் பார்த்து, அதற்கேற்பக் கலவை தயாரித்தார். கால்சியம், மக்னீசியம், கந்தகம், தாமிரம், துத்தநாகம் எல்லாம் அதில் கூடுதல். 1984ல் வெளியான இந்தக் கலவைக்கு 'ஆலிவ் மீடியம்' என்றே பெயர். செடியிடமே கேட்டு சமைத்தது போல! ஒரு கணுவில் எதிரெதிரே இரண்டு மொட்டுகள். அந்தக் கணுவை வெட்டிக் குப்பியில் வைத்தால் தளிர் விடும், அதைத் திரும்பவும் வெட்டலாம்.

செலவு தான் பிரச்சினை. தளிர் விட ஸியாட்டின் என்ற ஹார்மோன் வேண்டும், அதன் விலையோ அதிகம். 2007ல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள், அதே கலேகா வல்கர் ரகத்தில், ஸியாட்டினுக்குப் பதிலாக இளநீரையும் பி.ஏ.பி. என்ற மலிவான ஹார்மோனையும் சேர்த்து வெற்றி கண்டார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

2013ல் தெற்கு இத்தாலியின் புக்லியாவில் சைலெல்லா பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. சாறு உறிஞ்சும் பூச்சியால் பரவும் இந்த நோயில், நூற்றாண்டு கண்ட மரங்கள் உட்பட லட்சக்கணக்கானவை காய்ந்து போயின. குப்பியில் வளர்ந்ததாலேயே ஒரு கன்றுக்கு நோய் எதிர்ப்பு வந்துவிடாது. ஆனால் நோயில்லாத ஒரு தாய்ச் செடியிலிருந்து, பூச்சி அண்டாத அறைக்குள், ஆயிரக்கணக்கில் கன்று எடுக்க முடியும். அங்கே நோயை ஓரளவு தாங்கி நின்றவை லெச்சினோ, எஃப்.எஸ்.17 என்ற இரண்டு ரகங்கள். காய்ந்த தோப்புகளில் திரும்ப நடுவதற்கு விவசாயிகள் தேடியதும் அவற்றின் கன்றுகளைத் தான்.