உரோமர் வெள்ளிக்காசும் அதன் போலியும்

பண்டைக் காசுகளைத் தொகுப்போர் நற்காசை விரும்பிப் போலியை ஒதுக்குதல் இயல்பு. உரோமர் வெள்ளிக்காசைத் தொகுப்போருள் பலரோ அதன் போலியையும் பேணி வைக்கின்றனர். காரணம் யாதென ஈண்டு ஆராய்வாம்.

தெனாரியசு என்னும் அவ்வெள்ளிக்காசு கி. மு. 211-ஆம் ஆண்டளவில், கார்த்தேசு நகரத்தாரோடு நிகழ்ந்த இரண்டாம் போரினிடையே, ஏறக்குறைய 4.5 கிராம் எடையினதாய்த் தோன்றிற்று. அதனைத் தொடர்ந்து போலியும் எழுந்தது. கரவினர் செம்பு வில்லையை மெல்லிய வெள்ளித்தகட்டாற் பொதிந்து, காய்ச்சி ஒன்றுபடுத்தி, அச்சிட்டு வழங்கினர்.

நாளடைவில், தன் கையிலுள்ள பொருளின் மதிப்பை ஒருவனும் அறியாத நிலை உண்டாயிற்று. கி. மு. 85-ஆம் ஆண்டளவில், மாரியசு கிராத்திடியானசு என்னும் அதிகாரி காசு பற்றிய கட்டளையொன்றை வெளியிட்டார். மக்கள் மகிழ்ந்து தெருத்தோறும் அவர்க்குச் சிலை நாட்டிச் சிறப்புச் செய்தனர் என்பர். கி. மு. 81-இல் சல்லா இயற்றிய சட்டம் கள்ளக்காசு செய்வாரைத் தண்டித்தது. விளிம்பில் அரம்பப் பல்போல் வெட்டிய காசுகள் உள்ளீட்டைக் காட்டவே எழுந்தன என்பார் உளர். அவ்விளிம்புடைய போலிகளும் கிடைத்தலின் அக்கூற்று நிலைபெறவில்லை.

போலியை அறியுமாறு என்னை? வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, செம்பினது 8.96. ஆகலின் ஒத்த பருமனுள்ள காசுகளுள் போலி எடை குறையும். தேய்ந்தவிடத்துப் பச்சைக் களிம்பு தோன்றும். பழைய வண்ணக்கர் உளியால் வெட்டிச் சோதித்த தழும்பும் சிலவற்றிற் காணலாம். போலியொன்றை நற்காசு பல கொடுத்து வாங்கும் வழக்கம் தம் காலத்திலேயே உண்டென்று, கி. பி. 79-இல் இறந்த பிளினி எழுதியுள்ளார்.

அவரே பிறிதொன்றும் கூறுவர். கிளாடியசு ஆட்சியில் (41–54) இலங்கை வேந்தன் உரோமர் காசுகளைக் கண்டு, உருவம் வேறுபடினும் எடை ஒத்திருத்தலின், அந்நாட்டார் நேர்மையை வியந்தானாம். தமிழகத்துப் புதையல்களில் அகத்தசு, திபேரியசு என்போர் காசுகளே மிக்கிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

அந்நன்மதிப்பு நெடிது நிற்கவில்லை. 64-ஆம் ஆண்டளவில் நீரோ எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். கல்லியேனசு ஆட்சியின் (253–268) இறுதியிலோ அரசின் 'வெள்ளி'க்காசே பெரிதும் செம்பாய், மேலே வெள்ளிப்பூச்சு மாத்திரம் உடையதாயிற்று. கள்வர் மறைவிற் செய்தமைக்காகத் தண்டனை பெற்ற செயலை அரசு வெளிப்படச் செய்தது.

நற்காசு ஒரு நாட்டின் செல்வத்தைக் காட்டும். போலியோ அந்நாட்டு மக்களின் நம்பிக்கை எவ்விடத்து உடைந்ததென்பதைக் காட்டும். அதனாலன்றோ அறிவுடையார் இரண்டனையும் அருகருகே வைத்துப் போற்றுகின்றனர்!